ஸ்லைட எந்த விரல்ல மாட்டுறது? சுண்டுவிரலா, மோதிர விரலா? நாலு மாசமா முடிவு பண்ண முடியல

புதுத்தந்தி:
எல்லாருக்கும் வணக்கம். கிடார் வாசிக்க ஆரம்பிச்சு 6 வருஷம் ஆச்சு, ஸ்லைடு (விரல்ல குழாய் மாட்டி ஸ்ட்ரிங் மேல வழுக்கி வாசிக்கறது) மட்டும் நாலு மாசமாத்தான். என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு எலக்ட்ரிக் கிடார், 10 கேஜ் (மெல்லிசு) ஸ்ட்ரிங், ஸ்டாண்டர்டு ட்யூனிங்லயே (வழக்கமான சுருதி) விட்டு வெச்சிருக்கேன், ஏன்னா வாராவாரம் ஞாயித்துக்கிழமை பசங்களோட பேண்ட்லயும் அதையேதான் வாசிக்கணும், பாட்டுக்குப் பாட்டு ட்யூனிங் மாத்திட்டு நிக்க முடியாது. சொல்லிக்குடுக்கற அண்ணன் சுண்டுவிரல்ல போடுன்னாரு, போட்டேன். என் சுண்டுவிரல் ஒல்லி, ஸ்லைடு கழண்டு கழண்டு வருது, ஃப்ரெட்ல (நெக் மேல குறுக்க இருக்கற கம்பி) இடிச்சு கடகடன்னு சத்தம். அப்புறம் ஸ்லைடு கிடார்ல பேர்போன டெரெக் ட்ரக்ஸ் வாசிக்கறத பாத்தேன், அவர் மோதிர விரல்ல மாட்டியிருக்காரு. நானும் மாத்திப் போட்டா கை நல்லா நிக்குது, சத்தமும் கொறஞ்சுது, ஆனா நடுவுல ஒரு கார்டு (பல ஸ்வரம் சேந்து ஒலிக்கறது) புடிக்கணும்னா கை கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுது. இப்ப பாதி நாள் இது பாதி நாள் அது, ரெண்டுமே உருப்படல. நீங்கல்லாம் எந்த விரல், ஏன் அந்த விரல்? விளக்கமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

ஓப்பன்ஜி_ராஜா:
சுண்டுவிரல். மட்டி வாட்டர்ஸ், ஜானி வின்டர், ரை கூடர், லோவெல் ஜார்ஜ்னு பெரிய ஸ்லைடு ஆளுங்க எல்லாருமே சுண்டுவிரல்தான். மத்த மூணு விரலும் உங்க கையில இருக்கு, இதுக்கு மேல என்ன வேணும். கழண்டு வருதுன்னா அது ஸ்லைடு சைஸ் பிரச்சன, விரல் பிரச்சன இல்ல.

கண்ணாடிக்குப்பி:
ராஜா அண்ணே, பேர் லிஸ்ட் போட்டா எங்க பக்கமும் ஆள் இருக்கு. ஆல்மன் பிரதர்ஸ் பேண்டோட டுவேன் ஆல்மன் மோதிர விரல். 1968ல அவருக்கு 22 வயசாகற பொறந்தநாளுக்கு, கையில அடிபட்டு வீட்ல கெடந்த நேரம், தம்பி கிரெக் ரெண்டு பொருள் கொண்டுபோய்க் குடுத்தாரு. சளிக்கு கோரிசிடின் மாத்திரை பாட்டில் ஒண்ணு, தாஜ் மஹால்ங்கற ப்ளூஸ் பாடகரோட முதல் ரெக்கார்டு ஒண்ணு. அந்த ரெக்கார்டுல ஜெஸ்ஸி எட் டேவிஸ் வாசிச்ச ஸ்லைட கேட்டுட்டு மாத்திரையெல்லாம் கொட்டிட்டு லேபிள கழுவி விட்டு அந்த பாட்டிலயே விரல்ல மாட்டி வாசிக்க ஆரம்பிச்சிட்டாரு. அதுலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள, 1971 மார்ச்ல, நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கத்துல வாசிச்ச வாசிப்பு இன்னிக்கும் கேக்கறவங்க நெஞ்சப் புடிச்சு இழுக்குது. அதே வருஷம் அக்டோபர்ல போயிட்டாரு, 24 வயசு. மொத்தமே மூணு வருஷம் ஸ்லைடு வாசிச்ச ஒரு மனுஷன் மோதிர விரல்ல இவ்வளவு பண்ணியிருக்காருன்னா அந்த விரல்ல என்ன கொறை சொல்ல முடியும்?

ஓப்பன்ஜி_ராஜா:
கொறை சொல்லல தம்பி, நானும் அந்த ரெக்கார்ட தேயத் தேய கேட்டவன்தான். ஆனா அவர் ஓப்பன் ஈ ட்யூனிங், அதாவது ஸ்ட்ரிங்க சும்மா அடிச்சாலே ஈ மேஜர் கார்டு வர்ற மாதிரி சுருதி. ஸ்லைட நேரா வெச்சாலே மேஜர் கார்டு வந்துடும், விரலால புடிக்க வேண்டிய அவசியம் கம்மி. டெரெக் ட்ரக்ஸும் ஓப்பன் ஈ. கேள்வி கேட்ட தம்பி ஸ்டாண்டர்டுல இருக்காரு, அது ஞாபகம் இருக்கட்டும்.

கண்ணாடிக்குப்பி:
வாரன் ஹேய்ன்ஸ் ஸ்டாண்டர்டுலதான் ஸ்லைடு வாசிக்கறாரு, மோதிர விரல்லதான்.

ஓப்பன்ஜி_ராஜா:
சரி, அது நியாயம்.

மழைக்கால_ப்ளூஸ்:
யாரும் நடுவிரல சொல்லலயே. நான் பத்து வருஷமா நடுவிரல். என் கை ரொம்ப சின்னது, சுண்டுவிரல்ல மாட்டினா ஸ்லைடு ஆறு ஸ்ட்ரிங்குக்கும் குறுக்க நேரா நிக்கவே நிக்காது, சாஞ்சிடும், முதல் ஸ்ட்ரிங் சரியா இருந்தா ஆறாவது ஸ்ட்ரிங் சுருதி விலகும். நடுவிரல்ல மாட்டினா ரெண்டு பக்கமும் விரல் அணைச்சு புடிச்சுக்கும், தராசு மாதிரி நிக்கும். பானி ரெய்ட் நடுவிரல்தான். அவங்க சின்ன வயசுல ரெக்கார்டு கேட்டு தானா கத்துக்கிட்டவங்க, யாரும் ஸ்லைடு வாசிச்சு நேர்ல பாத்ததில்ல, அதனால எது வசதியோ அதுல மாட்டிட்டாங்க, மத்தவங்கல்லாம் வேற விரல்னு தெரியறதுக்குள்ள கை பழகிடுச்சு. அப்படியே வெச்சுக்கிட்டாங்க. எனக்கு அந்த விஷயம் ரொம்ப தைரியம் குடுத்துது. ஸ்லைடுக்குப் பின்னாடி வேண்டாத சத்தத்த அடக்க (ம்யூட் பண்ண) ஆள்காட்டி விரல் ஒண்ணுதான் மிஞ்சும், ஆனா அத நல்லா படுக்க வெச்சா போதும்.

ரெசோ_திருவல்லிக்கேணி:
ரெண்டு நாளா படிச்சிட்டே இருக்கேன், இப்பதான் உக்காந்து எழுத நேரம் கெடச்சுது, நீளமா போகும், பொறுத்துக்குங்க.

தம்பி, ஸ்லைடு மாட்டாத மத்த விரலுக்கெல்லாம் உங்க வாசிப்புல என்ன வேலைன்னு மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதுங்க. எழுதிட்டாலே எந்த விரல்னு பாதி தெரிஞ்சிடும். ஏன் சொல்றேன்னா, ஸ்லைடுங்கற பொருள் விரல்ல ஏறினதே அதுக்காகத்தான். ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, அமெரிக்காவுல மிசிசிப்பில டட்வைலர் ரயில் ஸ்டேஷன்ல கிடார்காரர் ஒருத்தர பாத்தத எழுதி வெச்சிருக்காரு, 1903 வாக்குல நடந்தது, அந்த ஆள் கத்தியத்தான் ஸ்ட்ரிங் மேல அழுத்தி வாசிச்சாராம். ஹவாய்ல ஜோசப் கெகுகு 1880கள் கடைசில ஆரம்பிச்சு வெச்சதும் கையில புடிக்கற இரும்புதான், கிடார மடியில படுக்க வெச்சு வாசிக்கறது. கையில புடிச்சா இடது கை மொத்தமும் அந்த ஒரே வேலைக்குப் போயிடும். பாட்டில் கழுத்த அறுத்து விரல்ல மாட்டிக்கிட்டா மத்த விரல் எல்லாம் திரும்பக் கெடைக்குது. அப்படி கெடச்ச விரல வெச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்கங்கறதுதான் விஷயமே.

மொதல் வேலை மூடுறது. ஸ்லைட ஸ்ட்ரிங் மேல வெச்சா ஸ்ட்ரிங் ரெண்டு துண்டா அதிரும், பிரிட்ஜ் பக்கம் (வலது கை அடிக்கற பக்கம்) வர்ற துண்டு நம்ம ஸ்வரம், நட் பக்கம் (நெக் நுனி) வர்ற துண்டு சம்பந்தமே இல்லாத இன்னொரு சுருதி. ஆம்ப்ல கெயின் ஏத்தினா அது ஊளை மாதிரி கூடவே வரும். அதத்தான் ஸ்லைடுக்குப் பின்னாடி விரல லேசா படுக்க வெச்சு அடக்கறது, அழுத்தக்கூடாது, தொட்டா போதும். சுண்டுவிரல்ல ஸ்லைடு இருந்தா பின்னாடி மூணு விரல் கெடைக்கும், மோதிர விரல்னா ரெண்டு, நடுவிரல்னா ஒண்ணு. மூணு இருந்தா நல்லதுதான் ஆனா ஒண்ணு ஒழுங்கா படுத்தாலே காரியம் ஆயிடும், மேல அவங்க சொன்னது சரி. இதுல பாதி பாரத்த வலது கைதான் சொமக்கணும். டெரெக் ட்ரக்ஸ் பிக் இல்லாம வெறும் விரலால வாசிக்கறதுக்கு இது ஒரு பெரிய காரணம், எந்த ஸ்ட்ரிங் வாசிக்கலயோ அது மேல வலது கை விரல் உக்காந்திருக்கும்.

ரெண்டாவது வேலை ஃப்ரெட் பண்றது, உங்க குழப்பமே இங்கதான். சுண்டுவிரல்ல ஸ்லைடு இருந்தா ஆள்காட்டி, நடு, மோதிரம் மூணையும் வெச்சு பாதி கார்டு, பென்டடோனிக் (அஞ்சு ஸ்வர வரிசை), பாஸ் ஓட்டம் எல்லாம் வரும். மோதிர விரல்ல இருந்தா ரெண்டு விரல் கார்டோட நின்னுடும். சுண்டுவிரலயும் சேர்த்து மூணு விரல்னு கணக்கு சொல்லுவாங்க, ஆனா நடுவுல கண்ணாடி உருளை நிக்கறப்ப சுண்டுவிரல் தனியா போய் ஃப்ரெட்ல நிக்கறது சிரமம்.

இன்னொண்ணு, சானி லாண்ட்ரெத்ங்கற கிடார்காரர் பண்றது, இத சொல்லாம விட எனக்கு மனசு வரல. அவர் சுண்டுவிரல்ல ஸ்லைடு வெச்சுக்கிட்டு, ஸ்லைடுக்குப் பின்னாடி ஒரு ஃப்ரெட்ல விரலால அழுத்துவாரு. அழுத்தின ஸ்ட்ரிங் மட்டும் ஸ்லைட விட்டுக் கீழ எறங்கி அந்த ஃப்ரெட் ஸ்வரத்த குடுக்கும், மத்ததெல்லாம் ஸ்லைடு ஸ்வரம். ஓப்பன் ஈ-ல ஸ்லைடு 12ல இருக்கறப்ப மூணாவது ஸ்ட்ரிங்க 11ல அழுத்தினா மேஜர் கார்டு அப்படியே மைனரா கரையும். மொத தடவ என் கையில அது வந்தப்ப நான் அப்படியே உக்காந்துட்டேன், திரும்பத் திரும்ப அத மட்டும் ஒரு மணி நேரம் வாசிச்சேன். பின்னாடி விரல் மிச்சம் இருக்கறவங்களுக்குத்தான் இந்த கதவு தெறக்கும்.

மூணாவது, ஸ்லைட தாங்கற வேலை. இங்க சுண்டுவிரலுக்கு மார்க் கம்மிதான், ஒத்துக்கறேன். வலு கம்மி, நீளம் கம்மி, கனமான பித்தளை ஸ்லைடு போட்டா வைப்ரேட்டோ பண்றப்ப (ஸ்வரத்த லேசா அசைக்கறப்ப) மணிக்கட்டுக்குப் பதிலா விரல் மட்டும் ஆடும், சுருதி நடுங்கும். மோதிர விரல்ல பக்கத்து சுண்டுவிரல் ஒட்டி நின்னு முட்டுக் குடுக்கும், அதனால வைப்ரேட்டோ அகலமா சீரா வருது. டுவேன் வழி வந்தவங்க வைப்ரேட்டோல அந்த நெதானம் இருக்கும், கேட்டுப் பாருங்க.

ஸ்டாண்டர்டு ட்யூனிங்ல ஓப்பன் ட்யூனிங் மாதிரி ஆறு ஸ்ட்ரிங்கையும் மூடற நீள ஸ்லைடு உங்களுக்குத் தேவையே இல்ல. 4, 3, 2 இந்த மூணு ஸ்ட்ரிங் சும்மா அடிச்சாலே டி, ஜி, பி, அதாவது ஜி மேஜர். அஞ்சாவது ஃப்ரெட்ல ஸ்லைட வெச்சா சி மேஜர், ஏழுல டி மேஜர். 3, 2, 1 எடுத்தா ஈ மைனர், அஞ்சுல ஏ மைனர். மூணு ஸ்ட்ரிங் மூடற குட்டி ஸ்லைடு போதும். ஏர்ல் ஹூக்கர் ஸ்டாண்டர்டுல அந்த மாதிரி குட்டி இரும்பு ஸ்லைடுதான் வெச்சிருந்தாரு, ஸ்லைடும் விரலும் மாத்தி மாத்தி வாசிப்பாரு. குட்டியா இருந்தா சுண்டுவிரல் நடுக்கணு வெளிய நிக்கும், விரல மடக்கவும் முடியும், கனமும் கொறையும்.

அதனால உங்க நெலமைக்கு, ஒரே கிடார், ஸ்டாண்டர்டு, பேண்ட்ல கார்டும் வாசிக்கணும்னா, சுண்டுவிரல், குட்டி ஸ்லைடு. ஓப்பன் ட்யூனிங்ல ஸ்லைடு மட்டுமே வாசிக்கப் போறீங்கன்னா மோதிர விரல்னு சொல்லியிருப்பேன்.

கண்ணாடிக்குப்பி:
அண்ணே, மோதிர விரல்காரனா இருந்தும் இத படிச்சிட்டு எதுத்துப் பேச ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு சேக்கறேன், கேள்வி கேட்ட தம்பியோட கடகட சத்தம் விரலால வரல, அழுத்தறதால வருது. ஸ்லைடோட கனமே போதும் ஸ்ட்ரிங்குக்கு. 10 கேஜ்ல தாழ்வான ஆக்ஷன்ல (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கற உயரம்) யார் வெச்சாலும் ஃப்ரெட்ல இடிக்கும். 11 கேஜ் போடுங்க, ஆக்ஷன கொஞ்சமா ஏத்துங்க, கார்டு புடிக்க கை வலிக்காத அளவுக்கு மட்டும். ஸ்லைட ஃப்ரெட்டுக்கு நேர் மேல நிறுத்துங்க, விரலால அழுத்தற மாதிரி ஃப்ரெட்டுக்கு முன்னாடி நிறுத்தினா ஸ்வரம் எப்பவும் கொறஞ்சே கேக்கும். இது புதுசா வர்ற எல்லாருக்கும் நடக்கும்.

மேபிள்நெக்:
வணக்கம், டொரன்டோவில இருந்து எழுதுறன். சின்ன வயசில கிரிக்கெட் விளையாடேக்க இடக்கை சுண்டுவிரல் முறிஞ்சது, சரியாப் பொருந்தேல்ல, இண்டைக்கும் அது முழுசா மடங்காது. எல்லாரும் சுண்டுவிரல் எண்டு சொன்னபடியால் அதிலயே மாட்டி இரண்டு வருசம் வாசிச்சன். அரை மணித்தியாலம் போனா முழங்கை வரைக்கும் நோகும். நான் பழக்கம் காணாது எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தன். பிறகு ஒருநாள் மோதிர விரலுக்கு மாத்தினன், ஆறு கிழமை கஷ்டம், எல்லா இடமும் பிழைச்சுது, பிறகு நோவும் இல்லை, சுருதியும் வந்திட்டுது. முறிஞ்ச விரல் மடங்காமல் ஸ்லைடுக்குப் பக்கத்தில நேரா நிக்கிறது இப்ப எனக்கு உதவிதான். தம்பி, ரெசோ அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனா நோவு வந்தால் உடன நிப்பாட்டுங்கோ. நாலு மாசம் பழகினது வீணாப் போகும் எண்டு பயப்பிடாதேங்கோ, காதும் வலக்கையும் பழகினது எங்கயும் போகாது, விரல் மட்டும்தான் மாறுது.

ஓப்பன்ஜி_ராஜா:
மேபிள்நெக், இது எனக்கு தெரியாத பக்கம். இத்தன வருஷமா யார் கேட்டாலும் சுண்டுவிரல்னு ஒத்த வார்த்தையில சொல்லிட்டுப் போயிட்டிருந்தேன். இனிமே விரல பாத்துட்டுத்தான் சொல்லணும்.

சைஸ் விஷயம்: கடையில வாங்கறதுக்கு முன்னாடி விரல் நடுக்கணு மேல நூல சுத்தி அளந்துக்குங்க. கையத் தொங்கப் போட்டு உதறினா கழண்டு விழக்கூடாது, அஞ்சு நிமிஷம் போட்டிருந்தா விரல் நுனி செவந்து துடிக்கவும் கூடாது. லூசா இருந்தா உள்ள துணி பிளாஸ்திரி ஒரு சுத்து ஒட்டுங்க. நான் மொதல்ல வாசிச்சது ஏசி மெக்கானிக்கிட்ட வாங்கின முக்கால் இன்ச் செம்புக் குழாய் துண்டு. அறுத்த வாய அரம் போட்டு, உப்புத்தாள்ல நல்லா தேச்சு வழுவழுன்னு ஆக்கிட்டு மாட்டணும், இல்லன்னா ஸ்ட்ரிங்கையும் அறுக்கும் விரலையும் அறுக்கும். லோவெல் ஜார்ஜ் கடைசி வரைக்கும் ஸ்பார்க் பிளக் கழட்டற சாக்கெட்டத்தான் மாட்டி வாசிச்சாரு, ஜானி வின்டருக்கு ஒரு குழாய்த் துண்டு, அதனால வெல பாத்து பயப்பட வேண்டாம்.

சித்ரவீணை_மாணவி:
நான் கிடார் வாசிக்கறதில்ல, சித்ரவீணை கத்துக்கறேன், அதனால எந்த விரல்ங்கற கேள்வியே எனக்கு புதுசா இருந்துது. எங்களுக்கு மெட்டு (ஃப்ரெட்) கெடையாது, 21 தந்தி, வாத்தியம் தரையில படுத்திருக்கும், உருளைக் கட்டைய இடது கையில புடிச்சு நகத்தறோம், ரெசோ அண்ணா சொன்ன மாதிரி கை முழுக்க அந்த ஒரு வேலைக்கே. ஆனா ஒரு விஷயம் ரெண்டுக்கும் பொதுன்னு நெனைக்கறேன். கட்டைய எப்படி புடிச்சாலும், போய்ச் சேர்ற எடம் காதுல மொதல்ல கேட்டிருக்கணும், கண்ணால எடத்த தேடினா கை எப்பவும் கொஞ்சம் லேட்டாத்தான் வரும். விரல மாத்தறப்ப கண்ணு மறுபடி ஃப்ரெட்டையே பாக்க ஆரம்பிக்கும், அத மட்டும் கவனிச்சுக்குங்க.

புதுத்தந்தி:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன். 11 கேஜ் போட்டாச்சு, ஆக்ஷன கொஞ்சம் ஏத்தியாச்சு. கடகட சத்தம் முக்கால்வாசி அதுலயே போயிடுச்சு, அப்ப இத்தன நாளா நான் விரல குத்தம் சொல்லிட்டிருந்தது தப்பு. ஒரு வாரம் மோதிர விரல், ஒரு வாரம் நடுவிரல், ஒரு வாரம் சுண்டுவிரல், அதே பன்னெண்டு பார் ப்ளூஸ் ஏ-ல, தினமும் போன்ல ரெக்கார்டு பண்ணினேன். மோதிர விரல்ல வைப்ரேட்டோ உண்மையிலயே அழகா இருந்துது, அத கேட்டு கொஞ்சம் வருத்தமா கூட இருக்கு. ஆனா ஞாயித்துக்கிழமை பேண்ட்ல ரெண்டு பாட்டுல நடுவுல ஸ்லைட கழட்டி ஆம்ப் மேல வெச்சுட்டு கார்டு வாசிக்க வேண்டியிருந்துது, திரும்ப மாட்டறதுக்குள்ள என் எடம் போயிடுச்சு. ராஜா அண்ணன் சொன்ன மாதிரி தெருமுனை ஏசி கடையில செம்புக் குழாய் கேட்டேன், சும்மாவே குடுத்தாங்க. ஒண்ணரை இன்ச் அறுத்து உப்புத்தாள் போட்டு உள்ள பிளாஸ்திரி ஒட்டி சுண்டுவிரல்ல மாட்டினேன். நிக்குது. மோதிர விரலும் நடுவிரலும் பின்னாடி தானா படுத்துக்குது. நேத்து ஒரு முழுப் பாட்டு, கார்டும் ஸ்லைடும் சேத்து, கழட்டாம வாசிச்சேன். சுண்டுவிரல்னு முடிவு பண்ணிட்டேன். சொல்லிக்குடுக்கற அண்ணன்கிட்டயும் சொன்னேன், அவரு அந்த குழாயோட மீதியில தனக்கும் ஒண்ணு அறுத்துத் தரச் சொல்லியிருக்காரு.

இப்ப பாக்கி ஒரே பிரச்சன, ரெண்டாவது ஸ்ட்ரிங்ல அஞ்சுலேர்ந்து எட்டாவது ஃப்ரெட்டுக்குப் போறப்ப ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிட்டு திரும்பி வர்றேன். ரெக்கார்டுல கேட்டா நல்லா தெரியுது.

ரெசோ_திருவல்லிக்கேணி:
கட்டை விரல நெக் பின்னாடி இறுக்கிப் புடிச்சிருக்கீங்களா பாருங்க. கட்டை விரல் ஒரே எடத்துல ஒட்டிக்கிட்டு சுண்டுவிரல் மட்டும் எட்டிப் புடிக்கப் போனா தாண்டும். கை மொத்தமும் சேந்து நகரணும். அஞ்சுலேர்ந்து எட்டு போய் நிக்க ஒரு முழு பார் எடுத்துக்குங்க, அவ்வளவு மெதுவா.

சித்ரவீணை_மாணவி:
தம்புரா ஆப்ல ஏ வெச்சுக்குங்க. அஞ்சாவது ஃப்ரெட்ல இருக்கற ஈ உங்களுக்கு பஞ்சமம், எட்டுல இருக்கற ஜி கைசிகி நிஷாதம். மொதல்ல வாயால ப, நி பாடுங்க, அப்புறம் கண்ண மூடிட்டு வாசிங்க. கீழேர்ந்து ஏறி நி-க்கு கொஞ்சம் முன்னாடியே நின்னு, அங்கேர்ந்து மெல்ல தொடுங்க.

புதுத்தந்தி:
பாடிட்டு வாசிக்கறது எனக்கு தோணவே இல்ல அக்கா. இன்னிக்கு ராத்திரியே உக்காந்து பாக்கறேன், ரெக்கார்டு நாளைக்கு இங்க போடறேன்.